நாடி தோளுக்குக் கீழே: பிள்ளைகளுக்கு ஒராங் ஊத்தான் வரையச் சொல்லிக்கொடுப்பது

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசைகள் இரண்டு இருக்கின்றன. சனிக்கிழமை காலை பத்து மணி ஆனதும் அங்கே உட்கார்ந்திருக்கும் சீனப் பெரியவர்கள் கோப்பிப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள். ஒன்பது பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். ஆறு வயதிலிருந்து பதினொரு வயது வரை. என் பேத்திக்கு ஏழு.

நான் ஓவியன் இல்லை. 31 வருஷம் கப்பல் பட்டறையில் டிராஃப்ட்ஸ்மேன். பம்பு, வால்வு, குழாய் வரைந்த கை இது. ஓய்வுக்குப் பிறகு, "தாத்தா, எனக்கு ஒரு ஒராங் ஊத்தான் போட்டுக் குடுங்க" என்று அந்த மனிதக் குரங்கின் படத்தைப் பேத்தி கேட்டதில் ஆரம்பித்தது இந்த வகுப்பு. போட்டுக் கொடுத்தால் அது என் படம். போடச் சொல்லிக்கொடுக்கலாம் என்று இறங்கினேன்.

முதல் வாரம் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் அதையே செய்யாமல் இருக்க. தலையில் ஆரம்பித்தேன். வட்டம் போடு, இரண்டு பக்கமும் காது போடு, கண் வை, மூக்கு வை. அரை மணி நேரத்தில் மேசையில் எட்டுக் கரடிப் பொம்மைகள். ஒன்பதாவது, மூன்றாம் மாடிப் பையனுடையது. தலையையே தாள் முழுக்கப் போட்டுவிட்டான். உடம்புக்கு இடமில்லை. கீழே நாலு நெளிகோடு இழுத்து, "அங்கிள், இது குளிக்குது, உடம்பு தண்ணிக்குள்ள இருக்கு" என்றான். பிழைத்துக்கொள்வான்.

அன்று ராத்திரி பழைய ஆல்பத்தை எடுத்தேன். 1986இல் என் மகளை மண்டாய் விலங்குத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஆ மெங் பக்கத்தில் உட்காரவைத்து எடுத்த படம் ஒன்று உண்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆ மெங் யாரென்று சொல்ல வேண்டியிருக்கிறது. சுமத்ரா ஒராங் ஊத்தான், பெண். யாரோ வீட்டில் கள்ளத்தனமாக வைத்து வளர்த்ததை 1971இல் மீட்டார்கள். பிறகு சிங்கப்பூருக்கு வந்த பெரிய மனிதர்களெல்லாம் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்து, 2008 பிப்ரவரி 8ஆம் தேதி இறந்துபோனது.

படத்தில் என் மகள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். ஆ மெங் தட்டைப் பார்க்கிறது. அதன் நாடி, அதாவது மோவாய், எங்கே இருக்கிறதென்று அன்றைக்குத்தான் கவனித்தேன். தோளுக்குக் கீழே! நெஞ்சின்மேல் கிடக்கிறது. கழுத்து என்று ஒன்று கண்ணுக்கே தெரியவில்லை. தலை தோளின் உச்சியில் இல்லை, தோளுக்கு முன்னால் தொங்குகிறது. இத்தனை வருஷம் அலமாரியில் இருந்த படம், வரைபடம் போட்டே பிழைத்தவன் நான், இது கண்ணில் படவில்லை.

அடுத்த சனிக்கிழமை வரிசையைத் திருப்பிப் போட்டேன். முதலில் உடம்பு, அடுத்தது கை, தலை கடைசியில். கரடி வரவே இல்லை.

சாமான் அதிகம் வேண்டாம். ஏ4 தாள், ஆளுக்கு இரண்டு. மஞ்சள் கலர் பென்சில் ஒன்று. ஆயில் பேஸ்டல் பெட்டி. ஒட்டுநாடா. ராஃபியா கயிறு ஒரு பந்து. ரப்பர் கிடையாது, என் மேசையில் அதற்குத் தடை. வடிவங்களை மஞ்சள் பென்சிலில் மெல்லப் போட்டால் தப்பான கோட்டின்மேல் இன்னொரு கோடு போட்டுக்கொள்ளலாம். ஆரஞ்சு பேஸ்டல் மேலே ஏறும்போது மஞ்சள் காணாமல் போய்விடும். ரப்பர் கையில் இருந்தால் ஒன்பது பேரில் நாலு பேர் வரைய மாட்டார்கள், அழித்துக்கொண்டே இருப்பார்கள். அம்மாக்கள் பக்கத்தில் இருந்தால் அவர்கள் அழிப்பார்கள், அது அதைவிட மோசம்.

காம்பஸ், நாணயம், டம்ளர் மூடி எதையும் சுற்றி வரையவிடாதீர்கள். கப்பல் பட்டறை ஆளே இப்படிச் சொல்கிறானே என்று நினைக்கலாம். குழாய்க்கு வட்டம் கச்சிதமாக இருக்க வேண்டும். குரங்குக்கு வட்டம் கச்சிதமாக வந்தால் குரங்கு செத்துப்போகும்.

பென்சிலைத் தொடுமுன் கயிறு. ராஃபியாவை இரண்டு மீட்டருக்கு வெட்டி, இரண்டு பிள்ளைகளை இரு நுனியும் பிடித்து இழுத்து நிற்கச் சொல்வேன். வளர்ந்த ஆண் ஒராங் ஊத்தான் கையை விரித்தால் அவ்வளவு, சிலதுக்கு இன்னும் கூட. பிறகு ஒவ்வொருவராகக் கயிற்றின் பக்கத்தில் கையை விரித்து நிற்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையின் கை விரிப்பு ஏறத்தாழ அதன் உயரம்தான், பாதிக் கயிற்றைக் கொஞ்சம் தாண்டும். இதைச் செய்யாத வாரத்தில் எல்லார் படத்திலும் கை குட்டையாக இருந்தது. செய்த வாரத்தில் தாள் போதவில்லை. தாள் போதாமல் போவதுதான் நமக்கு வேண்டியது, அதற்குத்தான் இரண்டாவது தாள்.

வால் சண்டையையும் இங்கேயே தீர்த்துவிடுங்கள். நம் பிள்ளைகள் நேரில் அதிகம் பார்த்திருப்பது லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலும் புக்கித் தீமாவிலும் வேலியில் உட்கார்ந்திருக்கும் நீள்வால் குரங்கை. அதற்கு வால் உடம்பைவிட நீளம். அதனால் வால் இல்லாமல் குரங்கு போட்டால் ஏமாற்றுவதாக நினைக்கிறார்கள். "இது குரங்கு இல்லடா, மனிதக் குரங்கு. ஒராங் ஊத்தான், கொரில்லா, சிம்பன்சி, கிப்பன், யாருக்கும் வால் கிடையாது" என்றால் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். எங்கள் மேசையில் இதை முடித்துவைத்தது ஒரு மலாய்ப் பிள்ளை. "ஒராங்னா ஆளு, ஹூத்தான்னா காடு. காட்டு ஆளு. ஆளுக்கு வால் இருக்குமா?" என்று கேட்டது. அதற்குமேல் நான் பேசவில்லை.

இனி வரைவது.

தாளை நெட்டுவாக்கில் வையுங்கள். அடியில் இரண்டு விரல் இடம் விட்டு ஒரு தரைக்கோடு. அதன்மேல் அரிசி மூட்டை. ஆமாம், பத்துக் கிலோ அரிசி மூட்டை பாதி தீர்ந்தபின் சமையலறை மூலையில் எப்படிக் குந்தியிருக்குமோ, அப்படி: அடி அகலம், நடுவில் தொப்பை, மேலே வரவரச் சரிவு. முட்டை, பேரிக்காய் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். முட்டை என்றால் முட்டையைத்தான் போடுகிறார்கள், விறைப்பாக நிற்கிறது. மூட்டை என்றதும் கனம் தானாக வந்துவிடுகிறது. மூட்டையின் உச்சி தாளின் பாதி உயரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தலையை எங்கே தொங்கவிடுவது?

மூட்டையின் இரண்டு மேல்மூலையிலும் ஒரு பெரிய எலுமிச்சம்பழம். அதுதான் தோள். அதிலிருந்து கை: இரண்டு நேந்திரம்பழத்தை முனையோடு முனை வைத்தமாதிரி, நடுவில் முழங்கை. மேல்கையும் முன்கையும் ஏறத்தாழ ஒரே நீளம். இடது கை வெளிப்பக்கமாக மடங்கித் தரையில் ஊன்றட்டும். ஊன்றுவது மடக்கிய முஷ்டியில், விரித்த உள்ளங்கையில் இல்லை. வலது கை மேலே போகட்டும். போய்க்கொண்டே இருக்கும், தாள் முடிந்துவிடும். அப்போது இரண்டாவது தாளை மேலே வைத்துப் பின்பக்கம் நாடா ஒட்டி, தொடர்ந்து வரைந்து, உச்சியில் ஒரு கயிற்றையோ கிளையையோ பிடித்து முடிக்கச் சொல்லுங்கள். தாள் நீளும்போது பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள். "இன்னொரு பேப்பர் கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கொடுங்கள்.

கையை வாய்க்குக் கொண்டுபோய் வாழைப்பழம் தின்பதுபோல் போட வேண்டும் என்று ஒருத்தி பிடிவாதம் பிடித்தாள். சரி என்றேன். முகத்துக்கு நேர் முன்னால் கை வளைந்து இறங்கி, நுனியில் பழம், கீழே தொப்பை. தூக்கிக் காட்டினாள். அந்தப் பக்கம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த அவள் பாட்டி, "அட, பிள்ளையார் நல்லா வந்திருக்காரே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதைக் கேட்டிருக்கிறோம், எங்கள் புளோக்கில் அது தலைகீழாக நடந்தது. முகத்துக்குக் குறுக்கே கை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கால் சுலபம், ஏனென்றால் அது குட்டை. மூட்டையின் அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வட்டம், அது முழங்கால். அதன் கீழே பாதம். பாதத்தைப் பாதமாக வரைய வேண்டாம், இன்னொரு கையாக வரையச் சொல்லுங்கள். ஒராங் ஊத்தானின் கால் பெருவிரல் நம் கட்டைவிரல்போல் விலகி நிற்கும், அதனால் காலாலும் கிளையைப் பிடிக்கும். அவரைக்காய் ஒன்று, அதில் நாலு கொக்கி, ஓரத்தில் குட்டையாக ஒரு விரல். நுனியில் நகம், நம்மைப்போல் தட்டையான நகம். பூனைமாதிரிக் கூர்நகம் போட்டுவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். கையும் இதே கொக்கிதான், கட்டைவிரல் மட்டும் இன்னும் சின்னது. விரல் எண்ணிக்கையில் சண்டை வேண்டாம். ஆறு விரல் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது தலை. நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும்.

முட்டை ஒன்று, பருத்த முனை கீழே. அதை மூட்டையின் உச்சிமேல் வைக்காமல் மூட்டைக்கு முன்னால், அதன்மேல் படியும்படி போட வேண்டும். நாடி எங்கே வரும்? பிள்ளைகளைத் தங்கள் சட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். மேலிருந்து இரண்டாவது பொத்தான். அங்கே. மூட்டைக் கோடு முட்டைக்குள் தெரிந்துகொண்டிருக்கும், மஞ்சள் பென்சில்தானே, கவலைப்படாதீர்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் போய் நின்று பார்ப்பேன். தலை மேலே ஏறியிருந்தால் புதிதாக ஒரு முட்டை, கொஞ்சம் கீழே.

முட்டைக்குள் முகம். அதற்கு ஓர் எண் போதும்: 8. மேல் வட்டம் சின்னது, கீழ் வட்டம் பெரியது. கீழ் வட்டம் முட்டையின் பாதியை எடுத்துக்கொள்ளும், கொஞ்சம் வெளியே பிதுங்கினாலும் நல்லதுதான். மேல் வட்டத்துக்குள் இரண்டு கண்ணும் அடங்க வேண்டும். பிள்ளைகள் கண்ணை முகத்தின் இரு கோடிக்கும் தள்ளிவிடுவார்கள், பொம்மைப் படங்களில் பார்த்துப் பழகியது அப்படி. ஒராங் ஊத்தானுக்குக் கண் இரண்டும் நெருங்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மிளகு வைக்கத்தான் இடம் என்று சொல்லி, நிஜமாகவே ஒரு மிளகைத் தாளில் வைத்துக் காட்டினேன். அன்றிலிருந்து அவர்களே மிளகு கேட்கிறார்கள். கண் சின்னது, முழுக்கக் கறுப்புப்பழுப்பு, ஓரத்தில் வெள்ளை விடத் தேவையில்லை. ஒரு துளி வெளிச்சம் மட்டும் விடுங்கள், பார்வை வந்துவிடும்.

மூக்கு எழும்பி நிற்காது. 8இன் இடுப்பில், இரு வட்டமும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு சீரகம் சாய்த்து வைத்தமாதிரி. வாய், கீழ் வட்டத்தின் அடிப்பாகத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே கோடு. சிரிப்பு வேண்டாம். சிரிப்பைப் போட்டதும் படம் பிறந்தநாள் கேக் அட்டைபோல் ஆகிவிடுகிறது. நேர்க்கோட்டை ஒரு மயிரிழை வளைத்தால் போதும், அது எதையோ யோசிப்பதுபோல் தெரியும். காது? ஒராங் ஊத்தானுக்குச் சின்னக் காது, முடிக்குள் பாதி மறைந்திருக்கும், ஒரு குட்டி வளைவு போதும். பெரிய காது போட்டால் அது சிம்பன்சி.

ஆண் வேண்டும் என்பவர்கள் முகத்தின் இரண்டு பக்கமும் அரைத் தோசை ஒட்டலாம். வளர்ந்த ஆணுக்குக் கன்னம் அப்படி அகலமாக விரியும். பையன்களுக்கு இது ரொம்பப் பிடிக்கிறது. ஆ மெங்குக்குக் கிடையாது என்றால் பெண் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள்.

வண்ணத்துக்கு முன்னால் ஒரு காரியம். முடி எந்தப் பக்கம் போகிறது என்று கேளுங்கள். எல்லாரும் "கீழே" என்பார்கள். தலையில், முதுகில், மேல்கையில் அது சரி. முன்கையில்? என் சட்டைக் கையை மடித்து, முன்கையை வெளிச்சத்தில் காட்டினேன். ஒன்பது தலையும் என் நரைமுடிமேல் குனிந்தன. சுண்டுவிரல் பக்கமாகப் பார்த்தால் முடி மணிக்கட்டுக்கு இறங்காமல் முழங்கையைப் பார்த்துத் திரும்புகிறது. ஒராங் ஊத்தானுக்கு இது இன்னும் தெளிவு: மேல்கை முடி கீழ்நோக்கி, முன்கை முடி மேல்நோக்கி, இரண்டும் முழங்கையில் வந்து சேரும். 1854இல் சிங்கப்பூருக்கு வந்து புக்கித் தீமாவில் வண்டு பிடித்துத் திரிந்த வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர், பிறகு போர்னியோ போய் ஒராங் ஊத்தான்களைப் பார்த்தவர், இதற்கு ஒரு காரணம் சொன்னார். மழை பெய்யும்போது அது கையை மடக்கி, கிளையைப் பிடித்துக்கொண்டோ தலைமேல் வைத்துக்கொண்டோ உட்காரும். அப்போது முடியெல்லாம் முழங்கையைப் பார்த்துச் சரிந்து, தண்ணீர் வழிந்து அந்த முனையில் சொட்டிவிடும். டார்வினும் அதை எடுத்து எழுதியிருக்கிறார். எங்கள் கூரை ஓரத்துத் தகரமும் அதே வேலையைத்தான் செய்கிறது என்று காட்டினேன். பிள்ளைகள் அதை விட்டுவிட்டுத் தங்கள் கையை மூக்கிடம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, பேஸ்டல் கோடும் அப்படித்தான். முதலில் வெளிர் ஆரஞ்சு, நீளநீளமாக, முடி போகும் திசையில். அதன்மேல் செங்கல் நிறம், இடைவெளி விட்டு. கடைசியில் அடர்பழுப்பு, கைக்கு அடியிலும் தொப்பைக்குக் கீழும் மட்டும். சுமத்ரா வகைக்கு முடி நீளமாகவும் வெளுப்பாகவும் இருக்கும், போர்னியோ வகை இன்னும் கருஞ்சிவப்பு. மூன்றாவதாகத் தப்பானுலி என்று ஒன்றும் உண்டு, அதைத் தனி இனம் என்று 2017இல்தான் அறிவித்தார்கள். பதினொரு வயதுக்காரன் ஒருவன் இதை எனக்குச் சொன்னான், நான் அவனுக்குச் சொல்லவில்லை. முகத்தின் 8க்கு மட்டும் சாம்பல்பழுப்பு, விரலால் தேய்த்துவிடுங்கள். கறுப்பை முதலில் எடுக்கவிடாதீர்கள். நம் ஊர் வெக்கையில் பேஸ்டல் வெண்ணெய்மாதிரி இளகியிருக்கும், கறுப்பு ஒருமுறை ஒட்டினால் உள்ளங்கை வழியாகத் தாள் முழுக்க ஊர்வலம் போய்விடும். வரையும் கைக்கு அடியில் ஒரு துண்டு டிஷ்யூ வைக்கச் சொல்லுங்கள்.

ஒராங் ஊத்தான் கைவந்துவிட்டால் மற்றவை அதன் சொந்தக்காரர்கள்தான். கொரில்லாவுக்கு மூட்டையைத் தலைகீழாகத் திருப்புங்கள், மேலே அகலம், கீழே ஒடுக்கம். விரல்கணுவை ஊன்றிய கை இரண்டும் தூண். உச்சந்தலை கூம்பு, கண்ணுக்கு மேலே தடித்த ஒரே புருவக்கட்டை. வளர்ந்த ஆணுக்கு முதுகில் வெள்ளிச் சாம்பல். சிம்பன்சிக்கு முன்பே சொன்ன பெரிய காது, முடி கறுப்பு, அவ்வளவுதான், எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை.

சியாமாங் வேறு கதை. கிப்பன் வகையில் பெரியது, கன்னங்கரேல் என்றிருக்கும். உடம்பு சின்ன மூட்டை, கை மூட்டையைவிட நீளம். நாடிக்குக் கீழே இன்னொரு வட்டம், தலை அளவுக்கு: கத்தும்போது தொண்டைப்பை பலூன்போல் உப்பும். அதை மண்டாயில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். வரையும்போதே பிள்ளைகள் கத்த ஆரம்பித்துவிடுவார்கள், பக்கத்து மேசைப் பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், தயாராக இருங்கள்.

போன சனிக்கிழமை பாதியில் மழை பிடித்துக்கொண்டது. சாரல் மேசைவரை வந்ததால் எல்லாரும் லிஃப்ட் பக்கம் ஒதுங்கித் தரையில் உட்கார்ந்தோம். பேத்தி தன் ஒராங் ஊத்தானின் வலது கையைக் கிளையிலிருந்து எடுத்துத் தலைமேல் வைத்துவிட்டாள். முழங்கையில் நீலத்தில் மூன்று சொட்டு. கிளை வரைந்திருந்த இரண்டாவது தாள் வெறுமனே மிஞ்சியது.

"இதை என்ன செய்யப்போற?" என்றேன்.

"அது மழை தாத்தா," என்று சொல்லி நீலப் பேஸ்டலை எடுத்து மேலிருந்து கீழாக இழுக்க ஆரம்பித்தாள்.